டெங்கு வைரஸ் உருவாகும் இடத்திலேயே ஏன் உருமாறிவிடுவதில்லை?

கேள்வி: டெங்கு வைரஸின் மேலுறையில் உள்ள இ புரதம், அமிலம் பட்டதும் உருமாறி நம் செல்லுக்குள் வழி திறக்கிறது என்று படித்தேன். ஆனால் வைரஸ் உருவாகி வெளியேறும் பாதையிலும் அமிலம் இருக்கிறதே, அங்கேயே ஏன் உருமாறவில்லை?
– முதுகலை மாணவி ஒருவர்

பதில்: வைராலஜி வகுப்பில் யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருந்ததுண்டு. கேட்டீர்களே, மகிழ்ச்சி!

இ புரதத்தின் நுனியில் பத்துப் பன்னிரண்டு அமினோ அமிலங்கள் கொண்ட சிறு வளைவு ஒன்று உண்டு. தண்ணீருக்கு ஒதுங்கும், கொழுப்புச் சவ்வு கிடைத்தால் குத்தி நிற்கும். இந்த நுனி தப்பான இடத்தில் வெளியே வந்துவிட்டால் வைரஸ் வீண். அதனால் கத்திக்கு உறை போட்ட மாதிரி, அது பிறக்கும்போதே மூடி வைக்கப்படுகிறது.

மூடுவது பிஆர்எம் என்ற இன்னொரு புரதம். நம் செல்லுக்குள் புரதங்கள் தயாராகும் எண்டோபிளாச வலையில் வைரஸ் உருவாகும்போது ஒவ்வொரு இ புரதமும் ஒரு பிஆர்எம்மோடு ஜோடி சேர்கிறது. இப்படி மூன்று ஜோடிகள் சேர்ந்தால் ஒரு முள். 180 ஜோடிகள், 60 முட்கள். பிறகு, வெளியேறும் பாதையில் உள்ள கோல்கி என்ற செல் உறுப்பின் கடைசிப் பகுதிக்கு வரும்போது பிஹெச் ஏறக்குறைய 6 ஆக இறங்குகிறது, அதாவது சூழல் அமிலமாகிறது. முட்கள் சரிந்து, இ புரதங்கள் இரண்டிரண்டாக, எதிரெதிர்த் திசையில் தலைவைத்துப் படுத்துக்கொள்கின்றன. மொத்தம் 90 ஜோடி. படுத்த பிறகுதான் ஃபியூரின் என்ற நொதிக்கு பிஆர்எம்மில் வெட்ட வேண்டிய இடம் எட்டுகிறது.

இனிதான் உங்கள் கேள்விக்கு நேரடி விடை. பிஆர்எம்மிலிருந்து வெட்டுப்பட்ட, நுனியை மூடியிருக்கும் பிஆர் என்ற துண்டு உடனே கழன்று போவதில்லை. அமிலத்தில் அது நுனியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். செல்லுக்கு வெளியே, அமிலம் இல்லாத சூழலுக்கு வந்ததும் விழுந்துவிடும். 2008-இல் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். அந்த வைரஸின் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அப்புறம் நுனியைப் பார்த்துக்கொள்வது பக்கத்தில் படுத்திருக்கும் ஜோடி இ புரதம்தான். அடுத்த செல் வைரஸை உள்ளிழுக்கும் பையான எண்டோசோமில் மறுபடி அமிலம் வரும்போது பிஆர் இல்லை. ஜோடி பிரிகிறது, நுனி எழுந்து சவ்வில் குத்துகிறது, இ புரதங்கள் மும்மூன்றாகச் சேர்ந்து மடங்கி இரண்டு சவ்வுகளையும் இழுத்து இணைக்கின்றன. அதற்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்ப முடியாது.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஃபியூரினின் வேலை பல சமயம் அரைகுறைதான். வெட்டுப்படாத பிஆர்எம்மோடும் நிறையத் துகள்கள் வெளியே வருகின்றன. அதை எதிர்க்கும் நம் ஆன்டிபாடிகளே, அப்படிப்பட்ட துகள்களைச் சில வெள்ளணுக்களுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துத் தொற்றைக் கூட்டிவிடக்கூடும்.

கேள்வி: அப்படியானால் இ புரதத்தை மட்டும் தயாரித்துத் தடுப்பூசியாகக் கொடுத்தால் போதாதா?
– அதே மாணவி

பதில்: தனி இ போதாது என்பதே என் கருத்து. டெங்குவின் நான்கு வகைகளையும் முடக்கும் வலுவான ஆன்டிபாடிகளில் ஒரு பிரிவு, படுத்திருக்கும் இ ஜோடியின் இரண்டு புரதங்களும் சேர்ந்து அமைக்கும் பரப்பைத்தான் பற்றுகிறது. ஒற்றைப் புரதத்தில் அந்தப் பரப்பு முழுதாக இருக்காது. ஆய்வகத்தில் தயாரித்த ஜோடியோ உடல் வெப்பநிலையில் பிரிந்துவிடப் பார்க்கிறது. அதனால்தான் இரண்டு இ புரதங்களுக்கும் நடுவே டைசல்ஃபைடு பிணைப்பு (இரண்டு கந்தக அணுக்கள் சேரும் வலுவான பிணைப்பு) ஒன்றைப் போட்டு, பிரியாத ஜோடியாகவே செய்து பார்க்கிறார்கள்.