ஓடும்போதே கண் இருட்டினால்

கேள்வி: எனக்கு 26 வயது, சொந்த ஊர் மட்டக்களப்பு. 10,000 மீட்டரும் அரை மரதனும் ஓடுகிறேன். வேலை மாற்றம் கிடைத்து நுவரெலியாவுக்கு வந்து இரண்டு வாரம். வேகம் குறைந்துவிட்டது, நாடித்துடிப்பு கூடியிருக்கிறது, மூச்சு வாங்குகிறது, ஓடி முடித்தால் இருமல். போன வாரம் ஹக்கல பக்கம் போய்த் திரும்பி மேடு ஏறும்போது திடீரெனக் கண் இருட்டி முழங்காலில் விழுந்துவிட்டேன். உயரமான இடத்தில் வரும் மலைநோயால் நுரையீரலில் நீர் கட்டும் என்று இணையத்தில் படித்தேன். பார்மசியில் மலைநோய்க்கான டயமொக்ஸ் மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் போட்டி இருக்கிறது. என் தாய்மாமா 34 வயதில் திடீரென இறந்தவர். தொடர்ந்து ஓடலாமா?

பதில்: தம்பி, இப்போதைக்கு ஓட வேண்டாம். நாளைக் காலையிலேயே நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போங்கள்.

மலைநோயைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, மாமாவைக் கடைசியில் ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். உங்கள் பயம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

ஓடி முடித்துச் சட்டென்று நின்றதும் தலை சுற்றியது என்று எழுதியிருந்தால் நான் இவ்வளவு அவசரப்படுத்த மாட்டேன். கால் தசைகள் இயங்கும்வரை இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். நின்றதும் அது காலில் தேங்கும், தலைக்குப் போவது குறையும். பெரும்பாலும் படுத்துக் காலை உயர்த்தினால் சரியாகிவிடும். கால் ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டுவது வேறு விஷயம். இதயத் தசை தடித்திருக்கலாம். இதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் நாளம் பிறவியிலேயே தவறான இடத்தில் இருந்து கிளம்பியிருக்கலாம். துடிப்பை நடத்தும் மின்னோட்டத்தில் கோளாறு இருக்கலாம். இவை வருடக்கணக்காக ஒன்றும் காட்டாமல் இருந்து, கடும் உழைப்பின்போது முதல் தடவையாக வெளியே வரக்கூடியவை. சில, குடும்ப வழியாக வருபவை. எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் சோதித்துப் பார்க்காமல் அதைச் சொல்ல எனக்கோ, வேறு எந்த டொக்டருக்கோ உரிமை இல்லை.

வெளிநோயாளர் பிரிவில் (ஓபிடி) “களைப்பாக இருக்கிறது” என்று தொடங்காதீர்கள். “ஓடிக்கொண்டிருக்கும்போது கண் இருட்டி விழுந்தேன், தாய்மாமா 34 வயதில் திடீரென இறந்தார்” என்று இந்த இரண்டையும் முதலில் சொல்லுங்கள். நெஞ்சு வலித்ததா, துடிப்பு தாறுமாறாக ஓடியதா, எவ்வளவு நேரம் நினைவு தப்பியது என்று கேட்பார்கள்; நினைவுபடுத்தி வையுங்கள். ஈசிஜி அங்கேயே எடுப்பார்கள். நீங்கள் தூர ஓட்டக்காரர் என்பதையும் சொல்லிவிடுங்கள். பயிற்சி பெற்ற இதயத்தின் ஈசிஜி மெதுவான துடிப்பும் உயரமான அலைகளுமாகக் கொஞ்சம் வித்தியாசமாகத்தான் இருக்கும். அப்புறம் எக்கோ என்ற இதய ஸ்கேன் அவசியம். நெஞ்சில் ஜெல் தடவி ஸ்கேன் கருவியை நகர்த்திப் பார்ப்பார்கள், வலி இல்லை. ஈசிஜி நன்றாக இருக்கிறது என்று யாராவது வீட்டுக்கு அனுப்பினாலும் எக்கோவைக் கேட்டு வாங்குங்கள். கண்டிக்குப் போய் இதயநோய் நிபுணரைப் பார்க்கச் சொன்னால் தள்ளிப்போடாமல் போங்கள்.

அம்மாவிடம் இன்றைக்கே பேசுங்கள். மாமா தூக்கத்தில் போனாரா, வேலை செய்யும்போதா, அதற்கு முன் எப்போதாவது மயங்கி விழுந்தாரா என்று கேளுங்கள். பிரேத பரிசோதனை அறிக்கை வீட்டில் இருந்தால் அதன் பிரதியைக் கையோடு கொண்டுபோங்கள். உங்களுக்குப் பரம்பரைக் கோளாறு ஏதாவது தெரிந்தால் அம்மாவும் உங்கள் கூடப்பிறந்தவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

மற்றவை சின்ன விஷயங்கள். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரம். மட்டக்களப்புக் கடற்கரையோடு ஒப்பிட்டால் ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வேகம் குறைவதும் துடிப்பு கூடுவதும் இயல்பு, சில வாரங்களில் உடல் பழகிவிடும். நுரையீரலில் நீர் கட்டும் மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலே போகிறவர்களின் பிரச்சினை. நம் நாட்டிலேயே உயரமான பிதுருதலாகலை உச்சியே 2,524 மீட்டர்தான்! ஓடியபின் வரும் இருமல் குளிர்காற்றில் மூச்சுக்குழாய் சுருங்குவதாக இருக்கலாம். அதே டொக்டரிடம் காட்டுங்கள், தேவைப்பட்டால் இன்ஹேலர் தருவார்.

அந்த இரண்டு மாத்திரைகளையும் இன்றே நிறுத்துங்கள். டயமொக்ஸ் உங்களுக்குத் தேவையே இல்லை. அதோடு, அது சிறுநீரைக் கூட்டும் மருந்து, உலக ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் இருப்பது. போட்டியில் சோதித்தால் தடை விழும். பார்மசிக்காரருக்கு நீங்கள் ஓட்டக்காரர் என்று தெரியுமா? இரும்புச்சத்து குறைவா என்பதை ஃபெரிட்டின் இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். நம் நாட்டில் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கும் ஹீமோகுளோபின் குறைவாகவே காட்டும், ஆனால் உடம்பில் இரும்பு போதுமான அளவு இருக்கும். அவர்கள் சோதித்துப் பாராமல் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவதைக் கிளினிக்கில் கண்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

முடிவுகள் வரும்வரை கிரகரி வாவிக் கரையில் மெதுவாக நடக்கலாம், துணைக்கு ஒருவர் இருக்கட்டும். மீண்டும் கண் இருட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ அங்கேயே உட்கார்ந்து, கூட வந்தவரை 1990 அம்புலன்ஸுக்கு அழைக்கச் சொல்லுங்கள். அடுத்த மாதப் போட்டியில் இருந்து பெயரை எடுத்துவிடும்படி பயிற்சியாளரிடம் நாளைக்கே சொல்லிவிடுங்கள். காரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.