ஏலத்துக்கு வரும் பழைய வெள்ளி டீபாட்: வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் இங்கிலாந்தில், லெஸ்டரில் இருக்கிறோம். பக்கத்து ஊர் ஏலத்தில் ஒரு வெள்ளி டீபாட் வருகிறது. 'மூன்றாம் ஜார்ஜ் காலம், ஹெஸ்டர் பேட்மேன், லண்டன் 1787, மொத்த எடை 14 அவுன்ஸ், மதிப்பீடு 300 முதல் 500 பவுண்டு' என்று கேட்டலாகில் போட்டிருக்கிறார்கள். நம்பி வாங்கலாமா? (வாசகி, லெஸ்டர்)

பதில்: வாங்கலாம், ஆனால் படத்தைப் பார்த்து மட்டும் ஏலம் கேட்காதீர்கள். ஏலத்துக்கு முன்னால் பொருளை நேரில் பார்க்க ஒன்றிரண்டு நாள் விடுவார்கள், அப்போது போய்க் கையில் எடுத்துப் பாருங்கள்.

முதலில் கவிழ்த்து அடியைப் பார்க்க வேண்டும். 1787-இல் லண்டனில் முத்திரை வாங்கிய டீபாட் என்றால் அங்கே ஐந்து குறிகள் இருக்க வேண்டும்: ஸ்டெர்லிங் வெள்ளிக்கு, அதாவது ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளிக்கு, நடக்கிற சிங்கம், லண்டனுக்குக் கிரீடம் வைத்த சிறுத்தைத் தலை, வருடத்துக்கு ஒரு எழுத்து, அரசரின் தலை, செய்தவரின் குறி. வருட எழுத்து அந்த வருடத்துக்குச் சின்ன 'எம்'. அரசர் தலை என்பது வரி கட்டியதற்கான அடையாளம், 1784 டிசம்பரில் வெள்ளிக்கு அவுன்ஸுக்கு 6 பென்ஸ் வரி போட்டபோது வந்தது, 1890 வரை நீடித்தது. ஆரம்பத்தில் அந்தத் தலை உள்ளே குழிந்து இருக்கும், 1786-லிருந்து மேலே புடைத்து இருக்கும். உங்களுடையது புடைத்திருக்க வேண்டும். செய்தவரான ஹெஸ்டர் பேட்மேனின் குறி சாய்ந்த கையெழுத்து மாதிரியான 'எச்.பி.'

அப்புறம் மூடியைப் பாருங்கள். அதிலும் முத்திரை இருக்க வேண்டும், குறைந்தது சிங்கமாவது. மூடியில் ஒன்றுமே இல்லை என்றால் மூடி பின்னால் மாற்றப்பட்டிருக்கலாம், விலை இறங்கும்.

இதற்குமேல் முத்திரை சொல்லாத விஷயங்கள். பேட்மேன் பட்டறை இயந்திரத்தில் உருட்டிய மெல்லிய வெள்ளித் தகட்டை வைத்து நிறையச் செய்தது, அதனால் இவை எடை குறைவாகவே இருக்கும், அது குறையில்லை. ஆனால் இருநூறு வருடம் தேய்த்துத் தேய்த்து மெலிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரலை உள்ளே விட்டு, வெளியே கட்டை விரலால் லேசாக அழுத்துங்கள். நடுவில் பெயர் எழுத்தோ குலச்சின்னமோ பொறிக்கும் இடத்தில் மட்டும் தகடு நெளிகிறது என்றால் பழைய பொறிப்பைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அங்கே வேறு தகட்டை ஒட்டியிருந்தால், வாயால் ஊதி ஆவி படர விட்டாலே ஒட்டுப் போட்ட கோடு பளிச்சென்று தெரியும். மூக்கு உடம்போடு சேரும் இடத்திலும் கீலிலும் சாம்பல் நிறத்தில் மந்தமாக எதுவும் வழிந்திருந்தால் அது ஈயப் பற்று, யாரோ அவசரத்துக்குச் செய்த ரிப்பேர். எனக்கு அதுதான் பெரிய மனக்கசப்பு, நல்ல வெள்ளிப் பாத்திரத்தை ஈயம் வைத்துக் கெடுத்திருப்பதைப் பார்க்கவே முடியாது, சரிசெய்வதும் லேசில்லை.

'மொத்த எடை' என்றால் மரக் கைப்பிடியும் சேர்ந்த எடை. வெள்ளிக்கு ட்ராய் அவுன்ஸ், ஒன்று 31.1 கிராம். 14 என்றால் சுமார் 435 கிராம், அதில் கைப்பிடியைக் கழித்துக்கொள்ளுங்கள். கேட்டலாகில் 'மூன்றாம் ஜார்ஜ்' என்று இருப்பதும் 'ஜார்ஜியன் பாணி' என்று இருப்பதும் ஒன்றல்ல, முன்னது அந்த அரசர் காலத்திலேயே செய்தது, பின்னது அந்த அமைப்பில் பிற்காலத்தில் செய்தது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுத்தியல் விழுகிற விலையோடு முடியாது. ஏல நிறுவனம் வாங்குபவரிடம் கமிஷன் வாங்கும், அதன்மேல் வாட் வரி. கமிஷன் 25 சதவீதம், வாட் 20 சதவீதம் என்று வைத்தால் 300 பவுண்டுக்கு எடுத்தது 390 ஆகிவிடும். நெட் வழியாகக் கேட்டால் இன்னும் கொஞ்சம் கூடலாம். கடைசியாகக் கையிலிருந்து போகும் தொகையை முதலில் முடிவு செய்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: ஹெஸ்டர் பேட்மேன் யார்? ஒரு பெண்ணின் பெயருக்கு ஏன் இவ்வளவு விலை? (கல்லூரி மாணவி, கோவை)

பதில்: 1708-இல் பிறந்தவர். கணவர் ஜான் 1760-இல் இறந்ததும் பட்டறையைத் தானே நடத்தத் துணிந்து, 1761-இல் வெள்ளிக்கு முத்திரை போடும் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலில் தன் குறியைப் பதிவு செய்தார். பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு பன்ஹில் ரோவில் தொழிலை வளர்த்து, 1790-இல் ஒதுங்கி, 1794-இல் இறந்தார். 'எச்.பி.' உள்ள ஒவ்வொன்றையும் அவரே தட்டினார் என்று நினைக்க வேண்டாம், அது பட்டறையின் குறி. விளிம்பில் மணிமணியாக ஓடும் வரிசை, உடம்பில் வெளிச்சம் பட்டால் மினுக்கும்படி சரிவாக வெட்டிய மெல்லிய செதுக்கல், நீள்வட்ட உடம்பு, நேரான மூக்கு என்று அந்தப் பட்டறை டீபாட்களின் அழகே தனி. அது கூர் மழுங்காமல் இருந்தால் நான் கூடவே விலை சொல்வேன். மழுங்கிப்போன பேட்மேனை விட, பெயர் தெரியாத ஒருவர் செய்து முழுசாக இருக்கும் டீபாட் எவ்வளவோ மேல்.

காலமும் அவருக்குக் கைகொடுத்தது. 1784-இல் பிரிட்டனில் தேயிலை வரி 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதத்துக்கு இறங்கியது, தேநீர் நடுத்தர வீடுகளுக்குள் தாராளமாக நுழைந்தது, மெல்லிய தகட்டில் செய்த டீபாட் அந்த வீடுகளுக்குக் கட்டுப்படியானது.

இன்னொன்று: இவற்றின் அடி தட்டையாக இருப்பதால் சூடு மேஜையைக் கெடுக்கும் என்று சின்னக் கால்கள் வைத்த தட்டு ஒன்றும் சேர்த்துச் செய்வார்கள். காலப்போக்கில் தட்டு ஒரு வீட்டுக்கும் டீபாட் ஒரு வீட்டுக்கும் போய்விடும். ஒரே வருடம், ஒரே குறியோடு இரண்டும் சேர்ந்து வந்தால் விடாதீர்கள்.

கேள்வி: அடியில் 'ஈ.பி.என்.எஸ்.' என்று இருந்தால்? (வாசகர், சேலம்)

பதில்: வெள்ளி முலாம். மின்சாரத்தில் முலாம் பூசுவதற்கு பர்மிங்காமின் எல்கிங்டன் 1840-இல் காப்புரிமை பெற்றபின் பெருகியவை. பயன்படுத்தலாம், வெள்ளி விலை கொடுக்காதீர்கள்.

கேள்வி: பழைய டீபாட்டைத் திருநீறோ பல்பொடியோ போட்டுத் தேய்க்கலாமா? (வாசகி, மதுரை)

பதில்: வேண்டவே வேண்டாம். குத்துவிளக்குக்குச் சரி, இதற்கு ஆகாது. ஒவ்வொரு தேய்ப்புக்கும் கொஞ்சம் வெள்ளி போகிறது, முதலில் போவது முத்திரையும் செதுக்கலும்தான். மென்மையான பருத்தித் துணி, வெதுவெதுப்பான தண்ணீர், துளி சோப்பு, உடனே துடைப்பு. மரக் கைப்பிடி தண்ணீரில் ஊறக்கூடாது. ரப்பர் பேண்ட் போட்டு வைக்காதீர்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும்.

கேள்வி: மூடியின் குமிழ் பச்சைச் சாயம் ஏற்றிய தந்தம் என்கிறார்கள். ஊருக்குக் கொண்டுவர முடியுமா? (லெஸ்டர் வாசகியே மறுபடி)

பதில்: நல்லவேளை முன்கூட்டியே கேட்டீர்கள். பிரிட்டனின் 2018 தந்தச் சட்டம் 2022 ஜூன் முதல் அமலில் இருக்கிறது. 1947-க்கு முந்தைய பொருளில் தந்தம் கன அளவில் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் விற்கலாம், ஆனால் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். ஏலக்காரரிடம் அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள், இல்லை என்றால் ஏலம் கேட்காமல் விட்டுவிடுங்கள். ஊருக்குக் கொண்டுவரும் எண்ணமே வேண்டாம், இந்தியாவில் தந்தம் வன உயிரினச் சட்டத்தின் கீழ் வருகிறது, விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டால் டீபாட்டும் போய்விடும். மரக் குமிழோ வெள்ளிக் குமிழோ உள்ள டீபாட்கள் அதே காலத்தில் நிறைய இருக்கின்றன, அப்படி ஒன்று வரும்வரை காத்திருங்கள்.