சப்ளையருக்கு ஒரு ஸ்டூல்

கேள்வி: எங்கள் ஊர் ஹோட்டலில் மேசைக்கு மேசை க்யூஆர் கோடு ஒட்டிவிட்டார்கள். ஆர்டர், பில் எல்லாம் போனிலேயே முடிந்துவிடுகிறது. பெரிய நகரங்களில் ரோபோவே பரிமாறுகிறதாம். இனி சப்ளையர் என்று ஒருவர் தேவையா?
(வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: தேவை. நம் குமரி மாவட்டத்தில் கட்டாயம் தேவை. மத்தியானம் இலை போட்டதும் நாம் கேட்கிற முதல் கேள்வி, "என்ன மீன்?" போனில் நம் புளிமுளத்துக்கு 'மீன் குழம்பு' என்று ஒரு படமும் விலையும் இருக்கும். அது காலையில் குளச்சலில் இறங்கிய சாளையா, ஐஸ் பெட்டியில் மூன்று நாளாகக் கிடக்கும் சூரையா என்று படம் சொல்லாது. சப்ளையர் சொல்வார். "பாட்டா, புளிமுளம் சாளையிலயாக்கும், தைரியமா எடுங்க. பொரிச்ச சூரை வேண்டாம்" என்று, கல்லாவில் இருப்பவருக்குக் கேட்காதபடி குனிந்து சொல்வார்.

நம் கடல் சங்கதியே தனி. கிழக்குக் கரையில் சின்னமுட்டம் பக்கம் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையில் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம். ஜூன் முதல் பாதியில் இரண்டு கரையிலும் விசைப்படகு ஓடாது. நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருவதை நம்பித்தான் சட்டி அடுப்பில் ஏறும். என்றைக்கோ ஏற்றிவைத்த போன் பட்டியலுக்கு இது எப்படித் தெரியும்?

அதற்காகக் கருவியே வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுப்படியில் அது நல்ல வேலை செய்கிறது. சப்ளையர் கையிலிருக்கும் டேப்லெட்டில் தட்டினால், மேசை எண்ணோடு உள்ளே பிரிண்டரில் சீட்டு விழுகிறது. முன்பெல்லாம் "ரெண்டு ரோஸ்ட், ஒண்ணு முறுகலா!" என்று கத்துவதில் பாதி பாத்திரச் சத்தத்தில் போய்விடும். ஒருவர் கேட்ட ஊத்தப்பம் இன்னொருவர் முன்னால் வந்து நிற்கும். ஒடிசாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்து இங்கே வேலை பார்க்கும் பையன்களுக்கு இந்த டேப்லெட் பெரிய துணை. ஆர்டர் தப்பினால் திட்டு வாங்குகிறவர்கள் அவர்கள்தானே.

க்யூஆர் கோடு 1994-ல் ஜப்பானில் டென்சோ நிறுவனம் கார் உதிரிபாகங்களைக் கண்காணிக்க உருவாக்கியது. அங்கே பிரமாதமாகப் பயன்பட்டது. நம் மேசையில் இருந்தாலும் தப்பில்லை. அது ஒன்றுதான் வழி என்பதுதான் தப்பு. தக்கலைப் பக்கம் ஒரு ஹோட்டலில் ஒரு பெரியவர் மனைவியோடு வந்து உட்கார்ந்தார். சட்டைப்பையில் பட்டன் போன். "மக்களே, புட்டும் பயறும் உண்டா?" என்று கேட்டார். "ஸ்கேன் பண்ணணும் பாட்டா" என்று பையன் தயங்கினான். ஆர்டர் எடுக்கக்கூடாது என்று அவனுக்கு உத்தரவு. பெரியவர் சாம்பார் பட்டு ஓரம் உரிந்திருந்த அந்த ஒட்டுத்தாளை விரலால் தடவிப் பார்த்தார். கடைசியில் பக்கத்து மேசைக்காரர் தன் போனில் ஆர்டர் போட்டுக் கொடுத்தார். காசு கொடுத்துச் சாப்பிட வந்தவரை அடுத்தவர் தயவுக்கு நிற்க வைப்பது என்ன உபசரிப்பு? அச்சடித்த தமிழ் மெனு அட்டை மேசைக்கு ஒன்று வைக்க என்ன செலவாகிவிடும்?

பில் போடும்போது மொபைல் நம்பர் கேட்பதைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பே எழுதினேன். ஹோட்டல்காரர்கள் சிலருக்கு இன்றும் கோபம் தீரவில்லை. சரி, மறுபடியும் எழுதுகிறேன். நம்பர் தந்தால்தான் பில் என்று வற்புறுத்தக்கூடாது என 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் துறை வணிகர்களுக்குச் சொல்லிவிட்டது. தரமாட்டேன் என்று தாராளமாகச் சொல்லுங்கள்.

அப்புறம், டிப்ஸ். 2016-ல் யூபிஐ வந்தது, நல்ல காரியம். ஆனால் சோம்புத் தட்டில் விட்டுவரும் சில்லறை அதோடு போயிற்று. 187 ரூபாய் பில்லுக்குச் சரியாக 187 போகிறது, சவுண்ட் பாக்ஸ் சத்தமாகச் சொல்கிறது, மேசை துடைத்தவருக்கு ஒன்றுமில்லை. கூடப் போட்டாலும் அது முதலாளி கணக்குக்குத்தான் போகும். சில பெரிய கடைகள் சர்வீஸ் சார்ஜ் என்று பில்லில் தாங்களே ஏற்றுகின்றன. அப்படித் தானாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது; 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். கொடுக்க நினைப்பதை நோட்டாகச் சப்ளையர் கையில் கொடுங்கள்.

ரோபோ பற்றிக் கேட்டீர்கள். எனக்கு அதைவிட அவசரமாகத் தெரிவது ஸ்டூல். கடை திறந்ததிலிருந்து விளக்கணைக்கும் வரை நின்றே வேலை செய்கிறவர்கள் சப்ளையர்கள். கணுக்கால் வீங்கி, நரம்பு சுருண்டு நிற்கும் கால்களை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 2018-லேயே உட்காரும் உரிமைக்குச் சட்டம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் இதே உரிமைக்காகத் திருத்தம் வந்தது. இருந்தும் எத்தனை ஹோட்டலில் ஸ்டூல் பார்த்திருக்கிறீர்கள்? கேமரா மட்டும் எல்லா மூலையிலும் இருக்கிறது. கூட்டமில்லாத மூன்று மணிக்குப் பையன் சுவரோரம் குந்தினால், வீட்டிலிருந்து போனில் பார்த்துக்கொண்டிருக்கும் முதலாளியிடமிருந்து அழைப்பு வந்துவிடுகிறது.

கேமராவுக்குச் செலவழித்தவருக்கு நாலு ஸ்டூல் வாங்க முடியாதா? அடுத்த முறை உங்கள் ஊர் ஹோட்டலுக்குப் போகும்போது கல்லாவில் கேளுங்கள். சட்டம் எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேட்டால், அந்தக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் பிரிவு 22-ஏ என்று சொல்லுங்கள்.