போர்வெல் வற்றும் தர்மபுரி மாதிரி மாவட்டத்தில் இனி மஞ்சள் போடலாமா?

மழையும் முன்போல் இல்லை, போரும் வற்றுகிறது, மஞ்சளை விட்டுவிடலாமா என்பது கேள்வி. அரூர் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மஞ்சள் இருந்தது. என்னைக் கேட்டால் போடலாம், ஆனால் அப்பா போட்ட அளவுக்கு வேண்டாம்.

மஞ்சள் ஒன்பது மாதப் பயிர். ஆண்டுக்கு 1500 மில்லிமீட்டர் மழை இருந்தால் அதற்குக் குறையில்லை. நம் மாவட்டத்தில் 850, 900 வந்தாலே நல்ல வருடம். மீதியைப் போர்தான் கொடுக்க வேண்டும். நடவோ வைகாசியில், போர் இளைத்துக் கிடக்கிற நேரம். மோட்டார் அரை மணி நேரம் தண்ணீர் தள்ளும், அப்புறம் காற்றுதான்.

சரி, மழை வந்தால் தீர்ந்ததா? 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்கிறார்கள். அப்படிச் சேர்ந்தது மொத்தமாக இறங்கினால் எந்த வாய்க்கால் தாங்கும்? கிழங்கு திரளுகிற நேரத்தில் எங்கள் காட்டில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. பத்து நாள் கழித்து, மஞ்சளித்திருந்த ஒரு தாளைப் பிடித்து லேசாக இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. அடியில் தோண்டினால் கிழங்கு கொழகொழவென்று, நாற்றம் வேறு. அழுகல் நோய். அந்த வயலில் விதைக்குக்கூட எதையும் எடுத்து வைக்க முடியவில்லை. மேட்டுப்பாத்தி போட்டிருந்த கால் ஏக்கர் மட்டும் ஓரளவு தப்பித்தது.

சொட்டுநீர் போடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். போடுங்கள், சிறு குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் இருக்கிறது. ஆனால் நாங்கள் செய்த கூத்தைச் செய்யாதீர்கள். வாய்க்காலில் பாய்ச்சியபோது ஒரு ஏக்கர்தான் நட்டோம். சொட்டுநீர் வந்ததும் தண்ணீர் மிச்சம் என்று பக்கத்து அரை ஏக்கரிலும் மஞ்சளையே நட்டோம். மோட்டார் ஓடிய நேரம் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. நிலத்தடி நீர் இறங்கியதற்கு மழையை மட்டும் திட்டி என்ன பயன்?

இப்போது அரை ஏக்கர்தான், முழுக்க மேட்டுப்பாத்தி. சித்திரையில் மோட்டார் விடாமல் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் விதை வாங்குகிறேன். நீங்களும் முதலில் அதைப் பாருங்கள். கோழிக்கோட்டில் உள்ள நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தின் 'பிரகதி' ரகம் 180 நாளில் வந்துவிடும், கடைசி இரண்டு, மூன்று மாதத் தண்ணீர் மிச்சம். அடுத்த வைகாசிக்குக் கொஞ்சம் நட்டுப் பார்க்கப் போகிறேன்.

இன்னொன்று. மத்திய நறுமணப் பொருள் வாரியத்தின் பட்டியலில் புளியும் உண்டு. எங்கள் வரப்பில் நாலு மரம் நிற்கிறது, யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதில்லை. மஞ்சள் அழுகிய அந்த வருடமும் மாசியில் காய்த்துத் தொங்கியது. உலுக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.