விரலைத் தூக்கும் முன்: அம்பயர் கேள்வி பதில்

விளையாட்டுப் பகுதிக்கு இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல் அம்பயர் வேலை பற்றிய கேள்விகள்தான். அதனால் மற்றதெல்லாம் அடுத்த இதழில்.

அண்ணே, எங்கள் ஊர் டென்னிஸ் பால் டோர்னமெண்டில் பேட்டிங் டீம் ஆளே அம்பயராக நிற்பான், தினமும் சண்டை. எனக்குத் தோள் போய்விட்டது, பந்து போட முடியாது. ஆனால் ஆட்டத்தை விட மனசில்லை. அம்பயராக எங்கிருந்து தொடங்குவது?
*வாசகர், மண்டபம்*

தோள்தானே போயிருக்கிறது தம்பி, கண்ணும் காலும் இருக்கிறதல்லவா, போதும். முதல் வேலை, எம்.சி.சி. (கிரிக்கெட் விதிகளை எழுதும் லண்டன் கிளப்) வெளியிடும் விதிப் புத்தகத்தைப் படிப்பது. மொத்தம் 42 விதிகள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 2017-ல் புதிதாக எழுதி 2022-ல் திருத்தினார்கள், அதனால் யாரோ கொடுத்த பழைய புத்தகத்தை வைத்துப் படிக்காதீர்கள். டிவி பார்த்துக் கற்றதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஃப்ரீ ஹிட் என்பது அந்த 42 விதிகளில் எங்குமே கிடையாது, அது அந்தந்தப் போட்டிக்கென்று வைத்துக்கொள்ளும் நிபந்தனை. உங்கள் ஊர் டோர்னமெண்டில் ஃப்ரீ ஹிட் உண்டா, கருவேல மரத்தில் பட்டால் நாலா, ஒரு ஓவருக்கு எத்தனை பவுன்சர் என்பதையெல்லாம் டாஸுக்கு முன்னாலேயே இரண்டு கேப்டன்களையும் நிறுத்திவைத்துப் பேசி முடித்துவிடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலில் சின்னப் பையன்கள் ஆடும் ஆட்டத்தில் லெக் அம்பயராக, அதாவது பேட்டருக்குப் பக்கவாட்டில் நிற்கும் அம்பயராக நில்லுங்கள். ரன் அவுட், ஸ்டம்பிங் இரண்டும் பழக அதைவிட நல்ல இடம் இல்லை. கிரீஸ் என்னும் கோட்டுக்கு நேர் பக்கவாட்டில் நிற்க வேண்டும். சுண்ணாம்புக் கோட்டின் பின் விளிம்புதான் கணக்கு. பேட் கோட்டின் மேலேயே இருந்தால் அவுட், கோட்டைத் தாண்டி உள்ளே தரையில் பட்டிருந்தால்தான் தப்பிப்பான். இது தெரியாமலே பல வருஷம் ஆடியவர்களும் உண்டு! மெயின் அம்பயராக நிற்கும்போது ரன் ஓடினால் ஸ்டம்புக்குப் பின்னாலேயே மரமாக நிற்காமல் பக்கவாட்டுக்கு ஓடுங்கள். பந்து எந்தப் பக்கம் போகிறதோ பெரும்பாலும் அந்தப் பக்கம், அப்போதுதான் த்ரோ உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வராது.

நெட்ஸில் பந்து போடுகிறார்கள் என்றால் பவுலர் பக்க ஸ்டம்புக்குப் பின்னால் போய் நின்று, முன்கால் விழுவதைப் பார்த்த கண்ணை உடனே எதிர்முனைக்குக் கொண்டுபோகப் பழகுங்கள். தலை அசையக் கூடாது, கண் மட்டும். வீட்டில் உட்கார்ந்து படித்து இது வராது.

அப்புறம் மாவட்ட கிரிக்கெட் சங்கத்தில் அம்பயர் தேர்வு எப்போது என்று விசாரியுங்கள். அதற்கு மேலே மாநில அளவு, பி.சி.சி.ஐ. தேர்வு என்று படி இருக்கிறது. 2022-ல் பெண்கள், ஜூனியர் ஆட்டங்களுக்கு அம்பயர் எடுக்க பி.சி.சி.ஐ. வைத்த தேர்வில் 140 பேர் எழுதி 3 பேர்தான் தேறினார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை, புத்தகத்தை எந்த அளவுக்குப் படிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். நம் சென்னை வெங்கட்ராகவன் 57 டெஸ்ட் ஆடியவர், ஆடி முடித்து அம்பயராக நின்றதோ 73 டெஸ்ட்.

பாம்பனில் கச்சான் காற்று அடித்தால் பெயில்ஸ் (ஸ்டம்புகளின் மேல் வைக்கும் சின்னக் கட்டைகள்) ஸ்டம்பில் நிற்கவே மாட்டேன் என்கிறது. ஒருத்தன் பசை போட்டு ஒட்டிவிட்டான். பந்து பட்டும் விழவில்லை, அவுட்டா இல்லையா என்று அடிதடி. என்ன செய்வது?
*வாசகர், பாம்பன்*

பசையா! அதை முதலில் தூக்கிப் போடுங்கள். இதற்கு விதியிலேயே வழி இருக்கிறது, 8-வது விதியில். இரண்டு அம்பயர்களும் பேசிப் பெயில்ஸ் இல்லாமலே ஆடலாம் என்று முடிவெடுக்கலாம். ஆனால் இரண்டு முனையிலும் எடுத்துவிட வேண்டும், ஒரு பக்கம் மட்டும் என்பது கிடையாது. காற்று குறைந்ததும் திரும்ப வைத்துவிட வேண்டும். பெயில்ஸ் இல்லாதபோது ஸ்டம்பில் பட்டதா என்பது முழுக்க அம்பயர் முடிவு. அதனால் லெக் அம்பயர் வழக்கத்தைவிட ஒரு எட்டு கிட்டே வந்து நிற்கட்டும்.

காற்று இன்னொரு தொல்லையும் கொடுக்கும். பேட்டில் பட்ட சத்தம் உங்கள் காதுக்கு வராது. காதை நம்பாமல் பந்தின் போக்கு லேசாக மாறுகிறதா என்று பாருங்கள். கீப்பர் குதிப்பதை வைத்து மட்டும் விரலைத் தூக்காதீர்கள், அவன் எப்போதும் குதிப்பான்.

காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவோம்), எங்கள் ஆட்டத்தில் எல்.பி.டபிள்யூ., அதாவது ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் காலில் வாங்கினால் அவுட் என்பது, கிடையாது. இப்போது மாவட்ட லீக்கில் நிற்கக் கூப்பிடுகிறார்கள். அதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.
*வாசகர், கீழக்கரை*

கலக்கத்தான் செய்யும் தம்பி. அவுட்டா என்று யோசிக்காமல், நாட் அவுட்டுக்குக் காரணம் இருக்கிறதா என்று வரிசையாகத் தேடுங்கள். நோ பாலா? லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச் ஆனதா (தரையில் குத்தியதா)? முதலில் பேட்டில் பட்டதா? ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பட்டது, ஆனால் உண்மையாகவே அடிக்கப் பார்த்தானா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் ஆட்டம் தொடரட்டும். எல்லாம் தாண்டி வந்தால்தான் ஸ்டம்பில் பட்டிருக்குமா என்ற கேள்வி. பிட்ச் ஆகாமல் நேரே காலில் பட்டிருந்தால் அது வந்த வழியிலேயே போயிருக்கும் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை திரும்பியிருக்கும் என்று பவுலர் சொல்வதெல்லாம் செல்லாது. கத்தி முடிக்கட்டும், அதற்குள் நீங்கள் பந்தை மனசில் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடலாம்.

கல்லூரி பேஸ்பால் ஆட்டத்தில் பிளேட்டுக்கு (பேட்டர் பக்கத்தில் நின்று அடிக்கும் தரைத் தட்டு) பின்னால் அம்பயராக நிற்கச் சொல்கிறார் எங்கள் பி.டி. சார். எனக்குக் கிரிக்கெட் அம்பயரிங்தான் தெரியும் அண்ணே. பெரிய வித்தியாசமா?
*மாணவி, ராமநாதபுரம்*

நல்ல கேள்வி தங்கச்சி. நம் பக்கம் பேஸ்பாலுக்கு அம்பயர் கிடைப்பதே கஷ்டம், அதனால் விட்டுவிடாதீர்கள்.

பெரிய வித்தியாசம் இதுதான். கிரிக்கெட்டில் அப்பீல் இல்லாமல் அவுட் கொடுக்கக் கூடாது. பேஸ்பாலில் யாரும் கேட்காமலே, பேட்டர் தொடாமல் விடும் ஒவ்வொரு பந்துக்கும் நீங்கள் ஸ்ட்ரைக்கா (அடிக்கக்கூடிய வட்டாரத்துக்குள் வந்ததா) பாலா (வெளியே போனதா) என்று சொல்லியாக வேண்டும். 3 ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட், 4 பாலில் முதல் பேஸ் இலவசம். எண்ணிக்கை தவறாமல் இருக்க இடது கையில் ஒரு சின்ன கிளிக்கர் வைத்திருப்பார்கள். ஓடுகிறவள் ஒரு பேஸை மிதிக்காமல் தாண்டிப் போனால் மட்டும் எதிர் டீம் கேட்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது, முகத்திலும் காட்டிக்கொள்ளக் கூடாது.

ஸ்ட்ரைக் வட்டாரம் பிளேட்டின் 17 அங்குல அகலம். உயரம் ஆளுக்கு ஆள் மாறும்: கீழே முழங்கால் சில்லுக்கு அடியிலுள்ள குழி, மேலே தோளுக்கும் இடுப்புப் பட்டைக்கும் நடுவில் வரும் கோடு. அதில் பந்தின் ஓரம் பட்டாலும் ஸ்ட்ரைக். நீங்கள் நிற்க வேண்டியது கேட்சரின் (பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்) தலைக்கு நேர் பின்னால் இல்லை, கேட்சருக்கும் பேட்டருக்கும் நடுவில் தெரியும் இடைவெளியில். மோவாய் கேட்சர் தலை உயரத்துக்குக் கீழே இறங்கினால் தாழ்ந்து வரும் பந்து மறைந்துவிடும்.

கிரிக்கெட்டில் பந்து உங்களை விட்டு ஓடுகிறது, இங்கே உங்கள் முகத்தைப் பார்த்து வருகிறது. முதலில் கண் தானாக மூடும். மாஸ்க்கும் மார்புக் கவசமும் போட்டுக்கொண்டு, பேட்டர் இல்லாமல் பிட்ச்சரும் கேட்சரும் பழகும்போது பின்னால் போய் நின்றால் கொஞ்ச நாளில் அது போய்விடும். பந்து கையுறைக்குள் போய் அடங்கியபிறகு ஒரு மூச்சு விட்டுச் சொல்லுங்கள். கேட்சர் கையுறையைச் சத்தமில்லாமல் நடுவுக்கு இழுத்துக் காட்டுவாள், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பந்து பிளேட்டைக் கடந்த இடம்தான் கணக்கு, பிடித்த இடம் இல்லை.

முதல் பேஸில் நிற்க நேர்ந்தால் கண்ணைப் பேஸில் படும் காலில் வைத்து, பந்து கையுறையில் விழும் சத்தத்தைக் காதால் பிடியுங்கள். இரண்டையும் கண்ணால் பார்க்க முடியாது.

நான் நிற்கிற ஆட்டத்தில் தங்கச்சி மாப்பிள்ளைதான் ஒரு டீம் கேப்டன். வைடு கொடுத்தாலே முறைக்கிறார். எப்படிச் சமாளிப்பது?
*வாசகர், தொண்டி*

முடிந்தால் அந்த ஆட்டத்துக்கே நிற்காதீர்கள். வேறு ஆளே இல்லையென்றால் டாஸுக்கு முன்னால் எதிர் டீம் கேப்டனிடம் உறவைச் சொல்லிவிடுங்கள், பிறகு யாரும் கிளப்ப முடியாது. மைதானத்தில் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட வேண்டாம், கேப்டன் என்றே கூப்பிடுங்கள். வீட்டிலும் தங்கச்சியிடம் சொல்லி வையுங்கள், ராத்திரி சாப்பாட்டில் வைடு பேச்சை எடுத்தால் குழம்பு ஊற்ற வேண்டாம் என்று.