வழக்கம்போலச் சொன்ன ஐந்து எழுத்து

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. கம்ப்யூட்டரில் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவான். அதற்கான ஸ்டீம் (கேம் வாங்கி ஆடும் தளம்) கணக்கை இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மெயில் முகவரியில் நான்தான் தொடங்கிக் கொடுத்தேன். நான்கு நாளைக்கு முன் அவன் கூட்டாளி ஒருவன் டிஸ்கார்ட் என்ற அரட்டை ஆப்பில் 'எங்க டீமுக்கு ஓட்டுப் போடுடா' என்று ஒரு லிங்க் அனுப்ப, இவனும் போய் ஸ்டீம் வழியாக லாகின் செய்திருக்கிறான். நான் அப்போது மீட்டிங்கில் இருந்தேன். போன் செய்து, 'அப்பா, கோட் வந்திருக்கும், சொல்லுங்க' என்றான். வழக்கம்போலச் சொன்னேன். ஐந்து நிமிடம் கழித்து, 'முதல்ல வந்தது தப்பாம்ப்பா, இன்னொண்ணு வந்திருக்கும்' என்றான். அதையும் சொன்னேன். மறுநாள் கணக்கைத் திறக்க முடியவில்லை. சேர்த்து வைத்த ஸ்கின் (கேமில் துப்பாக்கிக்குப் போடும் அலங்காரம்) எல்லாம் போய்விட்டது என்று அழுகிறான். பணம் கொடுத்தால் மீட்டுத் தருவதாக இன்ஸ்டாகிராமில் ஒருவர் சொல்கிறார். எத்தனை முறை சொல்லியும் கண்ட லிங்கைத் தொடுகிற பையனை எப்படித் தண்டிப்பது? கம்ப்யூட்டரை ஆறு மாதம் பூட்டி வைக்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத தந்தை

பதில்: ஐயா, பையனின் தண்டனையைப் பிறகு பார்ப்போம். உங்கள் கடிதத்தில் நீங்கள் கவனிக்காமலே எழுதிவிட்டுப் போன ஒரு சொல் இருக்கிறது. 'வழக்கம்போல.' எனக்கு லிங்கை விட அந்தச் சொல்தான் உறுத்துகிறது.

மெயிலைத் திறந்து, அன்றைக்கு முதலில் வந்ததை எடுங்கள். நடுவில் பெரிதாக ஐந்து எழுத்து இருக்கும். நீங்கள் பார்த்தது அதை மட்டும்தான். இப்போது அதற்குக் கீழே இருப்பதைப் படியுங்கள். இந்த லாகின் முயற்சி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று போட்டிருக்கும். சரியான பெயரும் சரியான பாஸ்வேர்டும் கொடுத்துத்தான் முயன்றிருக்கிறார்கள் என்று இருக்கும். இந்த மெயிலைப் பார்க்க முடிந்தவரைத் தவிர வேறு யாராலும் உள்ளே வர முடியாது என்றும் இருக்கும். அந்த மெயிலைப் பார்க்க முடிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மீட்டிங்கில் இருந்தார்.

இரண்டாவது மெயில் இன்னும் மோசம். அது அநேகமாக உள்ளே நுழைவதற்கான கோடே அல்ல. கணக்கின் லாகின் விவரங்களை மாற்றுவதற்கான கோட். மெயில் முகவரியை மாற்ற வேண்டுமென்றால் பழைய முகவரிக்கு ஒரு கோட் அனுப்பி ஸ்டீம் உறுதி கேட்கும். எதற்காக என்று அந்த மெயிலிலேயே எழுதியும் இருக்கும். முதல் கோடில் திருடன் வீட்டுக்குள் வந்தான். இரண்டாவது கோடில் பூட்டையே மாற்றினான். இரண்டையும் எடுத்துக் கொடுத்தது உங்கள் குரல். 'எத்தனை முறை சொல்லியும்' என்று பையனைப் பற்றி எழுதுகிறீர்கள். ஸ்டீம் உங்களுக்கு எழுத்தில் இரண்டு முறை சொன்னதே, அது என்ன கணக்கு?

பிள்ளையின் கணக்கை உங்கள் மெயிலில் தொடங்கினால் அதன் வாசலில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பொருள். 15 வயதுக்காரனுக்கு ஆட்ட அவசரம் இருக்கும், கூட்டாளி பேரைப் பார்த்ததும் நம்பிக்கை வரும். அந்த அவசரம் இல்லாத ஒரு ஆள் குறுக்கே இருக்கட்டும் என்பதற்குத்தான் கோட் உங்களிடம் வருகிறது. நீங்களோ கோடைப் படித்துச் சொல்லும் இயந்திரமாக இருந்தீர்கள். இது பிள்ளைக்குச் செய்த உதவி என்று நினைக்காதீர்கள். அப்பாவாக உங்களுக்கு அன்று இருந்த வேலை ஒரே ஒரு கேள்வி கேட்பது: 'எதுக்குடா இது?' அதற்கு மீட்டிங்கிலிருந்து எழுந்துகூடப் போக வேண்டியதில்லை.

நடந்ததைச் சொல்கிறேன், அப்போதுதான் அடுத்து என்ன செய்வதென்று புரியும். அந்த ஓட்டுப் போடும் தளம் போலி. பையன் அங்கே பாஸ்வேர்டைத் தட்டிய நொடியில் அது திருடனின் கம்ப்யூட்டரிலிருந்து உண்மையான ஸ்டீமுக்குப் போயிருக்கும். ஸ்டீம் புதிய கம்ப்யூட்டரைப் பார்த்ததும் உங்களுக்குக் கோட் அனுப்பியது. அதே நேரம் போலிப் பக்கம் பையனிடம் ஒரு கட்டத்தைக் காட்டிக் கோட் கேட்டது. கோட் கொஞ்ச நேரம்தான் செல்லும், அதனால் அவசரப்படுத்துவார்கள். பிறகு 'தவறான கோட், மீண்டும் முயலவும்' என்று காட்டுவது, இரண்டாவது கோடை வாங்குவதற்கான பொய். லிங்க் அனுப்பிய கூட்டாளியைத் திட்டாதீர்கள். அவன் கணக்கும் களவு போயிருக்கும், பேசியது அவனாக இருக்காது. இது இன்று நேற்று வந்த தொழிலும் அல்ல. மாதம் சுமார் 77,000 கணக்குகள் பறிபோகின்றன என்று ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமே 2015 டிசம்பரில் எழுதியது.

இதைப் படித்து முடித்ததும் முதலில் உங்கள் மெயிலுக்குப் புது பாஸ்வேர்ட் போடுங்கள், வேறெங்கும் பயன்படுத்தாத ஒன்று. இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். மெயில் செட்டிங்கில் ஃபில்டர் (மெயிலைத் தானாக ஒதுக்கும் விதி), ஃபார்வர்டிங் (வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் விதி) இரண்டையும் பாருங்கள். நீங்கள் போடாத விதி ஏதாவது இருந்தால் நீக்குங்கள். ஸ்டீம் பாஸ்வேர்டும் மெயில் பாஸ்வேர்டும் ஒன்றாக இருந்திருந்தால் (பல வீடுகளில் அப்படித்தான்) இதைச் செய்யாமல் மற்றதைச் செய்வது வீண்.

அடுத்து ஸ்டீமின் உதவித் தளம். லிங்க் எதையும் தொடாமல் முகவரியை நீங்களே தட்டிப் போங்கள். கணக்கு திருடப்பட்டது என்ற வழியைத் தேர்ந்தெடுத்து, கணக்குத் தொடங்கிய மெயில் முகவரியை, அதாவது உங்களுடையதை, கொடுங்கள். கணக்கு உங்களுடையது என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள்: கேம் வாங்கிய கார்டின் விவரம், வாங்கியபோது வந்த ரசீது மெயில், ஸ்டீமில் பணம் ஏற்றும் வாலட் கோட் பயன்படுத்தியிருந்தால் அந்தக் கோட். பழைய ரசீது மெயில்களை இப்போதே தேடி எடுத்து வைத்துக்கொண்டு ஒரே விண்ணப்பமாக அனுப்புங்கள். பதறிப்போய் நாலு விண்ணப்பம் போட வேண்டாம்.

இதற்கெல்லாம் ஸ்டீம் பணம் கேட்பதில்லை. இன்ஸ்டாகிராம் ஆசாமியால் ஸ்டீமின் கதவைத் திறக்க முடியாது. அவர் இரண்டாவது திருடர். அவ்வளவுதான், அவரைப் பற்றி இன்னொரு வரி எழுத விருப்பமில்லை.

ஸ்கின் விஷயத்தில் பையன் அழுவதற்கு முன், எத்தனை நாள் ஆயிற்று என்று பார்க்கட்டும். மொபைல் ஆதென்டிகேட்டர் (கோடைப் போனிலேயே காட்டும் ஸ்டீம் ஆப் வசதி) இல்லாத கணக்கிலிருந்து டிரேட் செய்தால், அதாவது பொருளை இன்னொருவருக்குக் கைமாற்றினால், அந்தப் பொருளை ஸ்டீம் 15 நாள் வரை பிடித்து வைக்கும். அந்த நாட்களில் அது யார் இன்வென்டரியிலும் (பொருள் பட்டியலிலும்) தெரியாது. ஆகவே காணோம் என்பதும் கைமாறிவிட்டது என்பதும் ஒன்றல்ல. கணக்குத் திரும்பியதும் நிலுவையில் இருக்கும் டிரேட்களை ரத்து செய்யுங்கள். அது மட்டுமல்ல, 2025 ஜூலையிலிருந்து கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 பொருட்களுக்கு டிரேட் நடந்த பின்னும் 7 நாள் பாதுகாப்பு உண்டு. அதற்குள் கேட்டால் அந்த 7 நாளில் நடந்த டிரேட்கள் மொத்தமாகத் திரும்பும். ஒன்றை மட்டும் பொறுக்கி எடுக்க முடியாது. திருப்பிய பிறகு 30 நாளைக்கு டிரேடும் மார்க்கெட்டும் மூடியிருக்கும். பரவாயில்லை. இந்தக் கெடுக்கள் தாண்டிப் போன பொருளை ஸ்டீம் திருப்பித் தருவதில்லை. அதனால்தான் சொல்கிறேன், நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

கணக்குக் கைக்கு வந்ததும் பாஸ்வேர்டை மாற்றிவிட்டுக் கொண்டாட உட்காராதீர்கள். ஸ்டீம் கார்டு (Guard) என்ற பாதுகாப்பு செட்டிங்கில் எல்லாக் கருவிகளையும் வெளியேற்றும் வசதி இருக்கிறது, அதை அழுத்துங்கள். பிறகு வெப் ஏபிஐ கீ (வேறு புரோகிராம்கள் கணக்கைத் தொடுவதற்கான சாவி) என்ற பக்கத்தைப் பாருங்கள். ஆட்டம் ஆடுகிற பையனுக்கு அந்தக் கீ தேவையே இல்லை. அங்கே ஏதாவது இருந்தால் அது திருடன் வைத்துவிட்டுப் போனது. பாஸ்வேர்ட் மாற்றிய பிறகும் பையனின் டிரேட்களைத் திருடனால் அந்தக் கீ வழியாகப் பார்க்க முடியும். பையன் உண்மையான நண்பனுக்கு ஒன்று அனுப்பும்போது திருடன் அதை ரத்து செய்துவிட்டு, அதே பேர், அதே படம் வைத்த போலிக் கணக்கிலிருந்து மாற்று டிரேடை நீட்டுவான். மாதக்கணக்கில் காத்திருந்தும் செய்வார்கள்.

இனி கோட் உங்களிடம் வர வேண்டாம். மொபைல் ஆதென்டிகேட்டரைப் பையனின் போனில் போடுங்கள். என் போனில் இருக்கட்டுமே என்பீர்கள். வேண்டாம், மறுபடி 'வழக்கம்போல' ஆகிவிடும். தன் சாவியைத் தானே வைத்துக்கொள்கிற வயசு அவனுக்கு வந்துவிட்டது. அமைக்கும்போது ஆங்கில ஆர் எழுத்தில் தொடங்கும் மீட்புக் கோட் ஒன்று காட்டும். அதைக் காகிதத்தில் எழுதி நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டாம். போன் தொலைந்தால் அதுதான் கைகொடுக்கும். இனி யாராவது நுழைய முயன்றால் எந்த இடத்திலிருந்து என்று காட்டி அவன் போனில் ஒப்புதல் கேட்கும். தான் தொடங்காத லாகினுக்கு ஒப்புதல் தரவே கூடாது. ஆதென்டிகேட்டர் இருந்தாலும் ஏமாறலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். போலிப் பக்கத்தில் அவனே கோடைத் தட்டலாம். அங்கே காட்டும் க்யூஆர் கோடை ஸ்டீம் ஆப்பில் ஸ்கேன் செய்து ஒப்புதல் கொடுத்தால் உள்ளே போவது திருடன்தான்.

எனவே பையனுக்கு ஒரு பழக்கம் கற்றுக்கொடுங்கள், இதுதான் முக்கியம். ஏதாவது ஒரு தளம் ஸ்டீம் லாகின் கேட்டால், அதை அப்படியே விட்டுவிட்டு, வேறொரு டேபில் ஸ்டீம் கம்யூனிட்டி முகவரியைத் தானே தட்டி லாகின் செய்யட்டும். பிறகு அந்தத் தளத்துக்குத் திரும்பட்டும். உண்மையான ஸ்டீம் பக்கமாக இருந்தால் அவனை அடையாளம் கண்டு, அவன் பேரையும் உள்ளே நுழையும் பட்டனையும் மட்டும் காட்டும். பாஸ்வேர்டை மறுபடி கேட்டால் எழுந்து வந்துவிட வேண்டியதுதான்.

முகவரியைப் பார்த்தேனே, சரியாகத்தான் இருந்தது என்று சொல்வான். சொல்லியிருப்பான் இதற்குள். எழுத்து மாற்றும் வேலை பழையது: கம்யூனிட்டி என்பதன் ஆங்கில எழுத்துகளில் ஒரு ‘m’ எழுத்தை விட்டுவிடுவார்கள், அல்லது ‘m’ இருக்க வேண்டிய இடத்தில் ‘r’, ‘n’ இரண்டையும் ஒட்டி வைப்பார்கள். சின்ன எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். 2022 வாக்கில் பரவலாகத் தெரியவந்த இன்னொரு வேலையில் எழுத்து எதுவும் தப்பாகவே இருக்காது. பக்கத்துக்குள்ளேயே ஒரு ஜன்னலை வரைந்து, அதன் மேல் முகவரிப் பட்டையையும் பூட்டுப் படத்தையும் சேர்த்து வரைந்துவிடுவார்கள். அந்த ஜன்னலை மவுஸால் பிடித்து பிரவுசரின் விளிம்புக்கு வெளியே இழுக்கச் சொல்லுங்கள். உண்மையானது வெளியே வரும். வரைந்தது விளிம்பிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். போனில் இந்தச் சோதனை செய்ய வழியில்லை, அதனால் போனில் இப்படிப்பட்ட லாகின் வேண்டவே வேண்டாம். பாஸ்வேர்டை நினைவில் வைத்துத் தானே நிரப்பும் பாஸ்வேர்ட் மேனேஜர் வைத்திருந்தால் இன்னும் நல்லது. முகவரி வேறாக இருந்தால் அது பாஸ்வேர்டை நிரப்பாது. வழக்கமாக நிரப்புவது இன்று நிரப்பவில்லையே என்று அவன் கையால் தட்ட ஆரம்பிக்கும் இடத்தில்தான் கவனம் வேண்டும்.

தண்டனை கேட்டீர்கள். கம்ப்யூட்டரை ஆறு மாதம் பூட்டினால் அவன் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: அடுத்த முறை அப்பாவிடம் சொல்லக் கூடாது. அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. இந்த நான்கு நாளாக உங்கள் மகனின் பேரில், அவன் படத்தோடு, அவன் நண்பர்கள் பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அதே 'ஓட்டுப் போடுடா' போய்க்கொண்டிருக்கும். அவனை உட்கார வைத்து, தெரிந்த பிள்ளைகள் எல்லோருக்கும் போன் செய்யச் சொல்லுங்கள். மெசேஜ் போதாது, அதைத் திருடன் அனுப்பியதாக நினைப்பார்கள். குரலில் சொல்லட்டும்: என் கணக்கு போயிடுச்சு, லிங்க் வந்தா தொடாத. வெட்கமாக இருக்கும், இருக்கட்டும். அவன் பேசி முடிக்கும்வரை நீங்களும் பக்கத்தில் இருங்கள். முடிந்ததும் போனை வாங்கி, அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாவிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். அவர்களில் யாராவது ஒருவர் இந்நேரம் ஒரு கோடைப் படித்துச் சொல்லிக்கொண்டிருப்பார்.