சங்கிலியில் கிடக்கும் நாய்க்கு மூளை இல்லையா?

கேள்வி: சுவிஸிலிருந்து மகன் ஒரு வீடியோ அனுப்பினான். பனிச்சரிவில் புதைந்தவரை ஒரு நாய் மோப்பம் பிடித்துத் தோண்டுகிறது. நாங்கள் சங்கிலியில் கட்டி வளர்க்கும் நாயோ, நான் சாரம் மாற்றி வந்தால் என்னையே பார்த்துக் குரைக்கிறது. நம் ஊர் நாய்களுக்கு மூளை குறைவா? அந்த நாய்களின் கழுத்தில் பிராந்திப் பீப்பா தொங்குமாமே, உண்மையா?
- வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: முதலில் பீப்பாவை இறக்கி வைப்போம். அது ஓவியர் ஒருவரின் கற்பனை. குளிரில் விறைத்தவருக்குச் சாராயம் கொடுத்தால் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து, உடம்பில் மிஞ்சிய சூடும் போய்விடும்.

சரி, மூளைக்கு வருவோம். அந்த நாய் புண்ணியத்துக்குத் தோண்டவில்லை ஐயா, விளையாட்டுக்குத் தோண்டுகிறது. குட்டியாக இருக்கும்போதே, அது பார்த்துக்கொண்டிருக்க எசமான் ஓடிப்போய்ப் பனிக்குழிக்குள் ஒளிவார். நாய் பாய்ந்து வந்து கண்டுபிடித்ததும் கடித்திழுக்க ஒரு துணிச்சுருள் கிடைக்கும். இரண்டு பேரும் குழிக்குள்ளேயே இழுபறிப்படுவார்கள். அப்புறம் குழியின் வாயைக் கொஞ்சம் மூடுவார்கள், பிறகு முழுதாக. ஒளிபவரும் மாறுவார். கடைசியில் ஆள் எங்கே இருக்கிறார் என்பது எசமானுக்கே தெரியாமல் செய்வார்கள். தெரிந்தால் கள்ள நாய் பனியை மோந்து பார்க்காது, எசமானின் முகத்தைப் பார்க்கும்!

இந்தப் பாடெல்லாம் நேரத்துக்காக. புதைந்து கால் மணி நேரத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கலாம். 35 நிமிடமானால் மூன்று பேர்தான். ஒரு ஹெக்டேர், நம் வயற்கணக்கில் இரண்டரை ஏக்கர், பனியை இருபது பேர் நீளக் கம்பியால் குத்திப் பார்க்க நாலு மணி நேரம் பிடிக்கும். நாய்க்கு அரை மணி நேரம் போதும் என்பார்கள். உயிரோடு ஒருவரும் கிடைக்காத நாளில், தேடல் முடிந்ததும் கூட்டாளி ஒருவரை வேண்டுமென்றே ஒளித்து வைத்து நாயைக் கண்டுபிடிக்க விடுவார்கள். வெறுங்கையோடு திரும்பினால் அதற்கு விளையாட்டே வெறுத்துவிடும்.

நம் கட்டாக்காலி நாய்களுக்கு மூக்கில் ஒரு குறையும் இல்லை. மணலில் புதைத்த மீன்தலையை அவை விட்டுவைத்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? குறை சங்கிலியில் இருக்கிறது. கட்டிப்போட்ட நாய்க்குக் குரைப்பதைத் தவிர நீங்கள் என்ன பழக்கினீர்கள்?

பனி நமக்கு இல்லை, மண்சரிவு இருக்கிறது. அம்பாறையைத் தாண்டினால் பதுளை மாவட்டம். 2014 ஒக்டோபர் 29 காலை அங்கே கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் மண்ணுக்குள் போனது மறந்திருக்காது. ஈரக் களிமண் பனியைப்போல வாசனையை இலகுவில் மேலே விடாது. கம்பியால் துளை போட்டுக் கொடுத்தால்தான் நாய்க்கு மணம் பிடிபடும். துளை போடவும் ஆள் வேண்டும், நாயோடு வருடக்கணக்கில் ஒளித்துப் பிடித்து விளையாடச் சம்பளத்துக்கும் ஆள் வேண்டும். அதற்குக் காசு எங்கே என்று, அடுத்த முறை வாக்குக் கேட்டு உங்கள் படலையைத் திறப்பவரிடம் கேளுங்கள்.